கழுத்துக் குழாய்கள் நேராகச் செல்கின்றன

எனக்குக் கழுத்துகளை நன்றாகத் தெரியும். முகங்களை அவ்வளவாகத் தெரியாது. விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினாறு வருடமாக ரிப்போர்ட் அடிக்கிறேன். ஒரே அறையைப் பச்சைத் திரை போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் கட்டில், மெஷின், டாக்டரம்மா. இந்தப் பக்கம் கம்ப்யூட்டரும் நானும். படுத்திருப்பவர் யாரென்று நான் எட்டிப் பார்ப்பதில்லை. ஆனால் காதைப் பொத்திக்கொள்ள முடியாதே. வயிற்று ஸ்கேன் சத்தம் போடாது, கழுத்து ஸ்கேன் போடும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் கழுத்தின் இரண்டு பக்கமும் மேலே ஏறுகிறது. அதன்மேல் கருவியை வைத்து ஒரு பட்டனைத் தட்டினால், உள்ளே ரத்தம் ஓடுவது அறை முழுக்கக் கேட்கும். பக்கத்துத் தெருவில் யாரோ அவசரமில்லாமல் துணி துவைப்பதுபோல இருக்கும்.

மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். ஏசியின் குளிர், திரை வழியாக வரும் பச்சை வெளிச்சம், அந்தத் துவைக்கிற சத்தம். என் கண் திறந்திருக்கும், நான் அங்கே இருக்க மாட்டேன். சில நாள் அந்தக் கழுத்துக்குள்ளேயே போய்விடுவேன். சிவப்பாக, வெதுவெதுப்பாக ஒரு சந்து. இரண்டு பக்கச் சுவரும் மெல்ல விரிந்து மெல்லச் சுருங்கும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் மேட்டில் ஏறிக்கொண்டிருப்பேன். விரல்கள் தம் பாட்டுக்கு ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருக்கும்.

இந்தக் குணம் எனக்குப் புதிதல்ல. சாயங்கால ரயிலில் திண்டிவனத்துக்குத் திரும்பும்போது, மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் எழுந்து கதவருகே போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், ஜன்னலில் மல்லாட்டைச் செடி போட்ட கொல்லைகள் ஓடுவதைப் பார்த்தபடி இருந்துவிட்டு, அடுத்து ஒலக்கூரில் போய் இறங்கி, பஸ் பிடித்துத் திரும்பி வந்தது எத்தனையோ தடவை. என் வீட்டுக்காரர் கோபப்பட மாட்டார். “இன்னாடி, இன்னிக்கும் ஒலக்கூர் சம்பந்தி வூட்டுக்குப் போய்ட்டு வர்றியா?” என்பார். ஒலக்கூரில் எங்களுக்கு ஒருத்தரும் கிடையாது.

அவர் பிளம்பர். வானூர் பக்கம் கட்டுகிற வீடுகளில்தான் அவருக்கு வேலை அதிகம். ஒல்லியான ஆள், நீளமான கழுத்து. நாற்பத்தைந்து தாண்டியதும் அந்தக் கழுத்தின் வலது பக்கம், காறை எலும்புக்குச் சற்று மேலே, ஒரு துடிப்பு வெளியே தெரிய ஆரம்பித்தது. தோலுக்கடியில் ஏதோ குதித்துக் குதித்து அடங்குவதுபோல. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பூசைக்குப் போய் வந்து, கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் படுத்திருப்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் தூங்கத் தூங்க அது நிதானமாகும். வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி அவர் தோள் வரைக்கும் வந்துவிடும், நான் எழுந்திருக்க மாட்டேன். அந்தத் துடிப்பின்மேல் எனக்கு அத்தனை ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால், இந்த வயதில் இது வேறயா என்பார்கள்.

அவருக்கு பிரஷர் உண்டு. காலையில் சாப்பிட்டதும் ஒரு மாத்திரை. அதை அவர் ஒழுங்காகப் போட்டுக்கொண்டதற்குக் காரணம் அவருடைய பொறுப்பு அல்ல, என்னுடைய வாய்.

போன வருடம் ஐப்பசி மழையில் குடையை வீட்டில் மறந்துவிட்டு வேலைக்கு வந்திருந்தேன். அவருக்கு அன்று விழுப்புரத்தில் சாமான் வாங்குகிற வேலை இருந்ததால், குடையை எடுத்துக்கொண்டு சென்டருக்கு வந்தார். மழைக்குப் பயந்து ஒரு நோயாளியும் வரவில்லை. டாக்டரம்மா டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். என் வீட்டுக்காரரைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

“அண்ணே, கழுத்துல என்ன இப்படித் துடிக்குது? சும்மாதானே இருக்கேன், ஒரு தடவை பாத்துடலாம், வாங்க.”

“அய்ய, எனக்கு ஒண்ணும் இல்லீங்க. தல நிமிந்து டேங்க்கப் பாத்தா மட்டும் லேசா சுத்தும், அவ்ளோதான்.”

“அதுக்குத்தான் பாக்கணும்றேன்” என்று சொல்லிக் கட்டிலைக் காட்டினார்.

இங்கே என் வேலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட் அடிப்பது என்றால் முதலிலிருந்து கடைசி வரை அடிப்பது என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் ஒரு படிவம் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. அந்தப் படிவத்தில் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். ஈரல் இயல்பாக இருக்கும், சிறுநீரகம் இயல்பாக இருக்கும். மாற வேண்டியதை மட்டும் டாக்டரம்மா திரைக்கு அப்பாலிருந்து சொல்வார், நான் அதை மட்டும் மாற்றுவேன். கழுத்துப் படிவத்தின் முதல் வரி இங்கிலீஷில் இருக்கிறது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: கழுத்துக் குழாய்கள் நேராகச் செல்கின்றன, அவற்றின் அளவு இயல்பாக உள்ளது.

திரைக்கு அந்தப் பக்கம் அவர் படுத்தார். ஜெல் சில்லென்று பட்டதும் “யப்பா” என்றார். பிறகு அவர் பேச்சு நின்று அவருடைய ரத்தம் பேச ஆரம்பித்தது.

இருபத்தாறு வருடமாக நான் கண்ணால் மட்டும் பார்த்து வந்த ஆளை அன்றுதான் காதால் கேட்டேன். புஷ்... புஷ்... என்று அந்தச் சத்தம் அறையை நிறைத்தது. வெளியே மழை. இரண்டும் ஒன்றாகக் கலந்து, எது மழை எது அவர் என்று பிரிக்க முடியாமல் போயிற்று. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துக்கத்தில் அல்ல. கல்யாணமான புதிதில் மயிலம் மலைப்பக்கம் சைக்கிளில் போகும்போது அவர் முதுகில் காது வைத்து உட்கார்ந்திருந்தது, மழைக்கு ஒரு புளியமரத்தடியில் ஒதுங்கியது, அவர் சட்டையின் ஈரம், எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருந்து வந்தன. நான் அந்தச் சிவப்புச் சந்தில் நடந்துகொண்டிருந்தேன். அது என் வீட்டுக்குப் போகிற சந்தாக இருந்தது.

டாக்டரம்மா சொன்னது எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். “அக்கா, வலது பக்கம் உள்குழாய் நேரா இல்ல. மேல ஒரு சுருள் சுத்திட்டுப் போகுது. அடைப்பு எதுவும் இல்ல. ரத்த வேகம் சொல்றேன், போட்டுக்குங்க” என்று பாதி இங்கிலீஷும் பாதி தமிழுமாகச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டேன். இந்த ஆளிடம் எதுதான் நேராக இருந்திருக்கிறது, கழுத்து மட்டும் நேராகவா இருக்கும் என்று மனதுக்குள் கேலி செய்தேன். டாக்டரம்மா சொன்ன எண்களை ஒன்று விடாமல் போட்டேன். அடைப்பு இல்லை என்று போட்டேன். முதல் வரிக்குத் திரும்பிப் போகவே இல்லை.

அதற்குள் வாசலில் ஆட்டோ நின்றது. வலியோடு ஒரு கர்ப்பிணிப் பெண்ணைத் தாங்கிக்கொண்டு வந்தார்கள். “மாத்திரைய விடாம போடுங்கண்ணே, இத உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க” என்று சொல்லி, பிரிண்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு டாக்டரம்மா ஓடினார். நாங்கள் ஒரே குடையில் ரயிலுக்குப் போனோம். அன்று சரியாகத் திண்டிவனத்தில் இறங்கினேன். அவர் கூட இருந்தாரே.

வீட்டுக்கு வந்ததும், “இன்னா போட்டுருக்குது, படி” என்றார். முதல் வரியைத் தமிழில் படித்துச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அந்த வரியை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன், அது எனக்கு எழுத்தாகவே தெரியாது, ரிப்போர்ட்டின் மேல்பகுதி என்றுதான் தெரியும்.

அவருக்கோ அதைக் கேட்டதும் முகமெல்லாம் பூரிப்பு. “நேரா போவுதா? அப்போ கவலையே இல்ல. நேர் லைன்ல பிரச்சனை வராதுடி. எல்போ போட்டு வளைச்ச எடத்துலதான் அடைக்கும், கசியும். முப்பது வருஷமா பாத்துக்கினு இருக்கேன்.” ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, நிலப் பத்திரத்தோடு பீரோவில் வைத்தார். டீக்கடையில் அவர் கழுத்து பிரபலமாகிவிட்டது. எங்கள் தெரு டாக்டரும் அதைப் பார்த்துவிட்டு, நல்லா இருக்கு, மாத்திரை மட்டும் தொடரட்டும் என்றார். தலை சுற்றலைப் பற்றி இவர் அவரிடம் வாயே திறக்கவில்லை.

பிறகு தவக்காலம் வந்தது. எங்கள் வீட்டில் அவர்தான் நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பார். மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்தான். சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்து உட்கார்ந்தவரிடம் மாத்திரையை நீட்டினேன்.

“வெறும் வயித்துல எப்படிடி போடறது?”

“மத்தியானம் சாப்டுட்டுப் போடுங்க.”

“வேல எடத்துல யாரு ஞாபகம் வெச்சுக்கினு இருக்கறது. நாப்பது நாளுதானே. கழுத்துதான் நேரா இருக்குதே.”

மற்ற வருடங்களில் நான் விட்டதில்லை. சண்டை போட்டு, டிபன் பாக்ஸ் மூடியில் மாத்திரையை ஒட்டி அனுப்பியிருக்கிறேன். இந்த வருடம் விட்டுவிட்டேன். எனக்கும் அந்த வரியில் ஒரு தெம்பு இருந்தது. நானே அடித்த வரியை நானே நம்பினேன். இதைவிடப் பைத்தியக்காரத்தனம் இருக்க முடியுமா?

குருத்தோலை ஞாயிறு. காலை ஏழு மணிக்குத் தெருமுனைச் சிற்றாலயத்தில் ஓலையை மந்திரித்துக் கொடுத்து, அங்கிருந்து கோவில் வரைக்கும் பவனி. இளவெயிலில் நூற்றுக்கணக்கான ஓலைகள் மஞ்சளாக அசைந்தன. ஓசன்னா, ஓசன்னா என்று சிறுபிள்ளைகள் கத்தினார்கள். நான் வழக்கம்போல இருந்தும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஆண்கள் வரிசையில் அவர். அவர் ஓலை மட்டும் மெதுவாகத் தாழ்ந்தது. முதலில் தோள் வரைக்கும், பிறகு இடுப்பு வரைக்கும், பிறகு கீழே விழுந்துவிட்டது. குனிந்து எடுக்கப் பார்த்தார். இடது கை ஓலைமேல் படுகிறது, விரல் மடங்கவில்லை. மறுபடியும் தொடுகிறார், மறுபடியும் வழுக்குகிறது. ஏதோ விளையாடுகிறார் என்றுதான் ஒரு நொடி தோன்றியது.

ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். வாயின் இடது ஓரம் இறங்கியிருந்தது. “ஓல... ஓல...” என்றார். நாக்கு தடித்துப்போன பேச்சு. “ஒருசந்தி மயக்கம்பா, சோடா வாங்கியாங்க” என்று யாரோ சொன்னார்கள். “சோடா வேணாம், வாயில எதுவும் ஊத்தாதீங்க, வண்டி கொண்டாங்க, ஜல்தி!” என்று நான் கத்திய கத்தலில் பாட்டு நின்றுவிட்டது. என் குரல் அப்படிப் போகும் என்று எனக்கே தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. “ஒண்ணுமில்லடி, திரும்பிப் போலாம்” என்றார். நான் அவர் கழுத்தைப் பார்த்தேன். அந்தத் துடிப்பு என்றுமில்லாத வேகத்தில் குதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அதைப் பார்த்து நான் பயந்தது அதுதான் முதல் தடவை.

ஸ்கேன்களெல்லாம் எடுத்து முடித்தபின் ஓர் இளம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். லேசான பக்கவாதம் என்றார். பிரஷர் மிக அதிகமாக இருக்கிறது என்றார். முன்பு எடுத்த ரிப்போர்ட் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எனக்குத்தான் ஆஸ்பத்திரி நடைமுறை தெரியுமே, மகனை பீரோவிலிருந்து எடுத்துவரச் சொல்லித் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பெருமையோடு நீட்டினேன்.

அவர் படித்தார், புருவத்தைச் சுருக்கினார். “இதுல நேரா இருக்குன்னு போட்டிருக்காங்களேம்மா. இப்பப் பாத்தா வலது பக்கம் நல்லா சுருண்டிருக்கு. அஞ்சு மாசத்துல இப்படி ஆகாதே.”

எட்டிப் பார்த்தேன். முதல் வரி. அப்போதுதான் அதை எழுத்தாகப் பார்த்தேன். மழையும், திரையும், “மேல ஒரு சுருள்” என்ற குரலும், என் சிரிப்பும் ஒன்றாகத் திரும்பி வந்தன. “எப்படிம்மா இப்படிப் போட்டாங்க?” என்று அவர் கேட்டார். “தெரியலைங்க சார்” என்று சொன்னேன்.

அவர் நல்ல மனிதர், பொறுமையாக விளக்கினார். ரத்தம் வருடக்கணக்கில் வேகமாக மோதிக்கொண்டே இருந்தால் குழாய் நீளமாகிவிடுமாம். கழுத்து அதே கழுத்துதான், இடம் பத்தாது, அதனால் வளையும், சுருளும். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி இருக்குமாம். “வளைவு மட்டும்னா பெரும்பாலும் தொந்தரவு பண்ணாதும்மா. ஆனா பிரஷர் இருக்கிறவருக்கு அது ஒரு எச்சரிக்கை. இன்னும் கவனமா இருன்னு சொல்லுது. இது தெரிஞ்சிருந்தா மாத்திரைய நிறுத்த யாராவது விட்டிருப்பாங்களா?” நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன்.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஸ்பேனரைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பையில் போட்டார். பெரிய வெள்ளி அன்று காலை எட்டு மணிக்கு அவருக்குக் கேப்பைக் கூழ் கரைத்துக் கொடுத்தேன். விவரம் தெரிந்த நாளிலிருந்து பெரிய வெள்ளியில் அவர் காலையில் சாப்பிட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு குடித்தார். அதைப் பார்க்க முடியாமல் நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

அந்த வாரம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். “வேலையில கவனக்குறைவா இருந்துட்டேன் சாமி” என்று மொட்டையாகச் சொன்னேன். பரிகாரமாக மூன்று ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லச் சொன்னார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் வந்தவளுக்குக் கொடுப்பதைப் போல எனக்கும் கொடுத்துவிட்டார். அவர்மேல் கோபமாக வந்தது. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லாதது நான்தான்.

ஈஸ்டர் முடிந்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பழைய படங்களை மெஷினில் தேடி எடுத்துப் பார்த்தார். சுருள் அப்படியே இருந்தது, சாம்பல் நிறத்தில், ஆற்றுநீர் திரும்புவதுபோல அழகாக இருந்தது. “நானும் படிச்சிட்டுத்தானே அக்கா கையெழுத்துப் போட்டிருக்கணும்” என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்குத் திருத்திய ரிப்போர்ட் அடிக்கப் படிவத்தைத் திறந்தேன். முதல் வரியை முழுக்க அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். இப்போதெல்லாம் கழுத்துப் படிவத்தின் முதல் வரியை நான் காலியாகவே வைத்திருக்கிறேன். யார் கழுத்தானாலும் புதிதாகத்தான் அடிக்கிறேன். நேரம் பிடிக்கிறது, வெளியே காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

அன்று சாயங்காலம் ரயிலில் உட்காரவே இல்லை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை கதவருகே நின்றுகொண்டு வந்தேன்.

அவர் வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு ரப்பர் பந்தை இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். புதிய ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினேன். வலதுபுற உள்குழாய் சுருண்டு செல்கிறது. பழையதில் அந்த வரியை மாற்றாமல் விட்டது நான்தான் என்றும், அன்றைக்கே டாக்டரம்மா சொன்னார், என் காதில் விழுந்தது, நான் கனவு கண்டுகொண்டிருந்தேன் என்றும் சொன்னேன். என்ன கனவு என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் பந்தை இன்னும் இரண்டு தடவை அமுக்கினார். திட்டினால் நன்றாக இருக்கும் என்று நான் நின்றேன்.

“வேற ஒருத்தன் போட்ட பைப் லைன, நானே தொறந்து பாக்காம நான் நம்ப மாட்டேன். உனக்கே தெரியும்” என்றார். பந்தை வலது கைக்கு மாற்றினார். “அந்தப் பேப்பர்ல டாக்டரம்மா கையெழுத்து எங்க இருக்குதுன்னுகூட நான் பாக்கலடி. நீ அடிச்சதாச்சேன்னுதான் மாத்திரைய விட்டேன்.”

நான் அழுதேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. அவர் பந்தைக் கீழே வைத்தார்.

“சரி, குடு” என்று கையை நீட்டினார். இப்போதெல்லாம் இரவுக்கும் ஒரு மாத்திரை உண்டு. உறையைப் பிய்த்து அவருடைய இடது கையில் வைத்தேன். மூன்று விரல்கள் மூடின. மற்ற இரண்டும் மூடும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.